ஐ.எல்-6 கூடினால் எச்.ஐ.வி. முற்றுகிறது என்று அர்த்தமா?

பெங்களூரில் எச்.ஐ.வி.க்கு மாத்திரை எடுத்துவரும் ஒருவரை வைத்துக்கொள்வோம். அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ வீடு. எட்டு வருடமாக ஒரு வேளை தவறியதில்லை. எதிர்ப்புச் செல்களை எண்ணும் சி.டி.4 கவுன்ட் 600ஐத் தாண்டி நிற்கிறது, ரத்தத்தில் வைரஸை எண்ணும் வைரல் லோட் பரிசோதனையில் வைரஸ் தென்படவில்லை. வேலை பார்க்கும் கம்பெனி ஏற்பாடு செய்த முழு உடல் பரிசோதனைக்குப் போகிறார். வந்த ரிப்போர்ட்டில் ஐ.எல்-6 என்று ஒரு வரி. உடலின் செல்கள் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவு அது. பக்கத்தில் தடித்த எழுத்தில் 'அதிகம்'. ஃபோனில் தேடிப் பார்க்கிறார். ஐ.எல்-6 அதிகமுள்ள எச்.ஐ.வி. நோயாளிகளிடையே இறப்பு பல மடங்கு அதிகம் என்று ஓர் ஆய்வின் சுருக்கம் கண்ணில் படுகிறது.

அந்த ஆய்வு உண்மையானது. அதன் முடிவும் சரியானதுதான். ஆயிரக்கணக்கான பேரைச் சேர்த்துப் பார்த்துச் சொன்ன ஒன்றை, ஒரே மனிதரின் ஒரே ஒரு ரத்த மாதிரி மேல் ஏற்றிவைக்கும்போதுதான் சிக்கல். கோவிட் காலத்தில் ஐ.எல்-6, டி-டைமர், சைட்டோகைன் புயல் எல்லாம் வீட்டுப் பேச்சில் புழங்க ஆரம்பித்தன. பெயர்கள் பழகிவிட்டன, பொருள் அவ்வளவாகப் பழகவில்லை. அதனால் அடிப்படையிலிருந்தே தொடங்குவோம்.

## தண்டோராவும் தடயமும்

நோயை எதிர்க்கும் செல்கள் ரத்தம், நிணநீர்க் கணுக்கள், மண்ணீரல், குடல் சுவர் என்று உடல் முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. ஓரிடத்தில் கிருமி நுழைந்தால் மற்ற இடங்களுக்குச் சேதி போக வேண்டும். அதற்காகச் செல்கள் சுரக்கும் சிறு புரதங்களுக்குப் பொதுப்பெயர் சைட்டோகைன். தமிழில் சைகைப் புரதம் எனலாம். ஊரில் தண்டோரா போடுவதைப் போன்றது இது. அறிவிப்பு எல்லாத் தெருவுக்கும் கேட்கும், யாருக்கான சேதியோ அவர்கள்தான் கிளம்பிப் போவார்கள். ஒரு செல்லின் மேற்பரப்பில் அந்தப் புரதத்துக்குப் பொருந்தும் ஏற்பி இருந்தால் அது கிளம்பும். இல்லாவிட்டால் சும்மா இருக்கும்.

எச்.ஐ.வி. பற்றிய பேச்சில் அடிக்கடி வரும் பெயர்கள் இவை:

1. இன்டர்ஃபெரான்: வைரஸ் நுழைந்துவிட்டது என்று முதலில் கூவும் புரதம்.
2. ஐ.எல்-6, அதாவது இன்டர்லூக்கின்-6: அழற்சியைத் தூண்டிவிடும். கிருமியோ காயமோ வந்தால் உடல் காட்டும் சூடு, வீக்கம் போன்ற எதிர்வினைதான் அழற்சி. கல்லீரல் வரை போய், சி.ஆர்.பி. என்ற புரதத்தைத் தயாரிக்கச் சொல்வதும் இதுதான்.
3. டி.என்.எஃப்.-ஆல்ஃபா: அழற்சியின் இன்னொரு பெரிய குரல். இதற்கும் எச்.ஐ.வி.க்கும் உள்ள உறவு விபரீதமானது, பின்னால் வருகிறது.
4. ஐ.பி-10: கீமோகைன் என்ற வகை. டி செல்கள் என்ற எதிர்ப்பு வெள்ளணுக்களை அழற்சி உள்ள இடத்துக்கு இழுத்துவரும்.

ரிப்போர்ட்டில் இவற்றோடு அச்சாகும் வேறு சில பெயர்கள் தண்டோரா வகையைச் சேர்ந்தவை அல்ல. சி.ஆர்.பி. கல்லீரல் தரும் பதில். டி-டைமர், உறைந்த ரத்தம் கரைந்ததில் மிஞ்சும் துணுக்கு. கரையும் சி.டி.14 என்பது, மோனோசைட் என்ற வெள்ளணு பாக்டீரியாவின் எச்சத்தைச் சந்தித்ததும் ரத்தத்தில் உதிர்க்கும் புரதம். தண்டோரா போன பிறகு தெருவில் கிடக்கும் தடயங்கள் என்று இவற்றை நினைத்துக்கொள்ளலாம். தண்டோரா சீக்கிரம் அடங்கிவிடும், தடயம் இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கும். மருத்துவமனைகளில் ஐ.எல்-6ஐ விட சி.ஆர்.பி. அதிகம் பயன்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அளவையும் பார்த்துவிடுவோம். ஆரோக்கியமானவரின் ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு ஐ.எல்-6 சில பிக்கோகிராம்தான் இருக்கும். ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு பிக்கோகிராம். இத்தனை நுணுக்கமான அளவில் 3 என்பது 6 ஆவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை.

## கவுன்டும் வைரல் லோடும் காட்டாதது

எச்.ஐ.வி. குறிவைப்பது சி.டி.4 டி செல்களை. மற்ற எதிர்ப்புச் செல்களை வேலை வாங்கும் மேஸ்திரிகள் இவை. ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500 முதல் 1,500 வரை இருக்கும். 200க்குக் கீழே இறங்கினால் எய்ட்ஸ் நிலை. சிகிச்சை இல்லாவிட்டால் அந்த நிலைக்கு வரச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் ஆகும். ஆனால் சராசரி என்பது சராசரிதான். சிலருக்கு இரண்டு மூன்று ஆண்டிலேயே முற்றிவிட்டது, சிலர் இருபது ஆண்டு கழித்தும் மருந்தில்லாமல் நடமாடினார்கள். யாருக்கு எது என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்ற கேள்வியில்தான் ரத்தத்தில் அடையாளம் தேடும் வேலையே ஆரம்பித்தது.

1980களில் வைரஸை நேரடியாக எண்ணும் பரிசோதனை வழக்கத்தில் இல்லை. அதனால் நியோப்டெரின், பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற இரண்டு பொருட்களை அளந்தார்கள். எதிர்ப்பு மண்டலம் கொதித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் இரண்டும் கூடும். இவை கூடியிருந்தவர்களுக்கு நோய் வேகமாக முற்றியது 1990 வாக்கிலேயே தெரிந்திருந்தது. 1996இல் வைரல் லோட் முன்னுக்கு வந்தது. அது இன்னும் தெளிவாக எதிர்காலத்தைச் சொன்னதால் பழைய இரண்டும் ஓரமாக ஒதுங்கின. அந்த ஒதுக்கத்தில் ஒரு முக்கியமான விஷயமும் பத்து ஆண்டுக்கு மறந்துபோனது.

அது என்ன? பெங்களூரில் பல வீடுகளில் தரைக்கடியில் சம்ப் இருக்கும். அதில் தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பார்ப்பது சி.டி.4 கவுன்ட். எவ்வளவு ஒழுகுகிறது என்று பார்ப்பது வைரல் லோட். ஒழுகலைச் சமாளிக்க மோட்டார் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தால், அதன் சூடு இந்த இரண்டு கணக்கிலும் வராது. சைகைப் புரதங்கள் காட்டுவது அந்தச் சூட்டை.

## ஆப்பிரிக்கக் குரங்குக்கு எய்ட்ஸ் வருவதில்லை

சூடு அவ்வளவு முக்கியமா என்று கேட்டால், பதில் காட்டிலிருந்து வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் சூட்டி மாங்கபே என்றொரு குரங்கினம் உண்டு. எச்.ஐ.வி.யின் உறவுக்கார வைரஸான எஸ்.ஐ.வி. அதன் உடலில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறது. மனிதரைத் தொற்றிய எச்.ஐ.வி-2 இதிலிருந்து வந்ததுதான். மாங்கபேயின் ரத்தத்தில் வைரஸ் ஏராளமாக இருக்கும். இருந்தும் அதற்கு எய்ட்ஸ் வருவது மிக அரிது, முழு ஆயுளும் வாழ்ந்துவிடும்.

அதே வைரஸ் வழி வந்த எஸ்.ஐ.வி. செம்முகக் குரங்குக்குத் தொற்றினால் கதை வேறு. வட இந்தியாவில் கோயில் வாசல்களில் காணும் ரீசஸ் குரங்குதான் இது. அதற்கு எய்ட்ஸ் வருகிறது. வைரஸ் நுழைந்த முதல் சில வாரங்களில் இரண்டு குரங்குகளின் உடலிலும் இன்டர்ஃபெரான் ஓங்கிக் கூவுகிறது. மாங்கபேயில் அந்தக் கூவல் சில வாரங்களில் அடங்கிவிடுகிறது. ரீசஸ் குரங்கில் அடங்குவதே இல்லை. மனிதர் இந்த விஷயத்தில் ரீசஸ் பக்கம்.

அடங்காத அழற்சி எப்படி உடலைத் தேய்க்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்:

1. தூங்கும் சி.டி.4 செல்லைவிட விழிப்பூட்டப்பட்ட செல்லில்தான் எச்.ஐ.வி. நன்றாகப் பெருகும். சைகைப் புரதங்கள் செல்களை எழுப்ப எழுப்ப, வைரஸுக்குப் புதிய இரை கிடைக்கிறது.
2. ஓய்வில்லாமல் பிரிந்து பெருகும் செல்கள் சீக்கிரம் களைத்து இறக்கின்றன. வைரஸ் தொடாத செல்களும் இதில் அடக்கம்.
3. நிணநீர்க் கணுக்களுக்குள் தழும்பு விழுகிறது. புதிய டி செல்கள் தங்கி வளர வேண்டிய இடம் அதுதான். தழும்பு விழுந்த இடத்தில் அவை தங்குவதில்லை. மருந்து எடுத்தும் சிலருக்குக் கவுன்ட் ஏறாமல் நிற்பதற்கு இது ஒரு காரணம்.
4. ரத்தக் குழாயின் உட்சுவர் புண்படுகிறது, ரத்தம் உறையும் போக்கு கூடுகிறது. மாரடைப்பும் பக்கவாதமும் இந்த வழியாக வருகின்றன.

அடங்காமல் இருப்பதற்கு ஒரு பெரிய காரணம் குடலில் இருக்கிறது. உடலின் டி செல்களில் பெரும்பங்கு குடல் சுவரில்தான் குடியிருக்கிறது. தொற்றின் முதல் சில வாரங்களிலேயே அங்குள்ள சி.டி.4 செல்களை வைரஸ் சூறையாடிவிடும். காவல் போனதும் சுவர் கசிய ஆரம்பிக்கும். குடல் பாக்டீரியாவின் எச்சங்கள் ரத்தத்தில் கலக்கும். அதைக் கண்டு மோனோசைட்டுகள் உஷாராகி, சி.டி.14ஐ உதிர்த்து, ஐ.எல்-6ஐயும் டி.என்.எஃப்.ஐயும் சுரக்கும். அமெரிக்க ஆய்வாளர்கள் 2006இல் இந்தக் கசிவை ரத்தத்தில் அளந்து காட்டினார்கள். ரத்தத்தில் கரையும் சி.டி.14 அதிகமுள்ள எச்.ஐ.வி. நோயாளிகளிடையே இறப்பு அதிகம் என்பது 2011இல் வெளியானது. மாத்திரை வைரஸைக் கட்டிப்போட்டாலும் குடல் சுவரை முழுதாகப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதில்லை. 'வைரஸ்தான் தென்படவில்லையே, பிறகு எதற்கு அழற்சி?' என்று கேட்பவர்களுக்கு இதுதான் முதல் பதில்.

## முதல் சில நாட்கள்

வைரஸ் ரத்தத்தில் தென்பட ஆரம்பித்த சில நாட்களுக்குள் இன்டர்ஃபெரான்-ஆல்ஃபா, ஐ.எல்-15 என்ற இன்னொரு இன்டர்லூக்கின், ஐ.பி-10 மூன்றும் சட்டென்று ஏறுகின்றன, டி.என்.எஃப். போன்றவை அடுத்து வருகின்றன. 2009இல் வெளியான ஓர் ஆய்வு இந்த ஏற்றத்தை மஞ்சள் காமாலை வைரஸ்களான ஹெபடைடிஸ் பி, சி இரண்டோடும் ஒப்பிட்டது. சி வைரஸில் கூச்சல் தாமதமாக வந்தது, எச்.ஐ.வி. அளவுக்குப் பெரிதாகவும் இல்லை. பி வைரஸில் கிட்டத்தட்ட இல்லை. பி வைரஸைப் பெரியவர்களில் பெரும்பாலோர் தாமாகவே விரட்டிவிடுகிறார்கள். ஆக, கூச்சல் பெரிதாக இருந்தால் பாதுகாப்பும் பெரிதாக இருக்கும் என்று நினைக்க முடியாது.

ஐ.பி-10 இங்கே தனியாகக் கவனிக்க வேண்டிய புரதம். தொற்றின் தொடக்கத்தில் இது அதிகமாக இருந்தவர்களுக்கு நோய் வேகமாக முற்றியதை 2012இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்த ஆரம்பக் கட்டத்தில் வைரல் லோடையும் கவுன்டையும்விட ஐ.பி-10 நன்றாகக் கணித்தது. அது டி செல்களை அழைத்துவருகிற புரதம் என்று மேலே பார்த்தோம். வைரஸ் இருக்கும் இடத்துக்கு, வைரஸுக்குப் பிடித்த செல்களையே அது கூட்டிவந்து நிறுத்துகிறது.

## மாத்திரையை நிறுத்திப் பார்த்த ஆய்வு

நம்மவர் ஃபோனில் பார்த்த ஆய்வு ஸ்மார்ட் என்ற பெயர் கொண்டது. 33 நாடுகளில் 5,472 பேர் இதில் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் கவுன்ட் 350க்கு மேல். பாதிப் பேர் மருந்தை விடாமல் எடுத்தார்கள். மறுபாதி மருந்தை நிறுத்தி, கவுன்ட் 250க்குக் கீழே போனால் மறுபடி தொடங்கினார்கள். பக்கவிளைவு குறையும், மருந்துக்கும் மனிதருக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் என்பது நல்ல எண்ணம்தான்.

2006 ஜனவரியில் ஆட்சேர்ப்பை நிறுத்த வேண்டி வந்தது. மருந்தை நிறுத்தி நிறுத்தி எடுத்தவர்களுக்கு நோயோ மரணமோ நேர்ந்தது மற்றவர்களைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். எல்லோரையும் திகைக்க வைத்தது இன்னொன்று: அந்த மரணங்களில் பல எய்ட்ஸ் நோய்களால் வந்தவை அல்ல. இதயம், சிறுநீரகம், கல்லீரல், புற்றுநோய். கவுன்ட் ஓரளவு நன்றாக இருந்தபோதே இவை வந்தன.

காரணம் தேட, சேமித்து வைத்திருந்த ரத்தத்தை எடுத்தார்கள். 2008இல் முடிவு வெளியானது. தொடக்கத்திலேயே ஐ.எல்-6 மிக அதிகமாக இருந்த கால்பகுதியினருக்கு, மிகக் குறைவாக இருந்த கால்பகுதியினரைவிட மரண வாய்ப்பு சுமார் 8 மடங்கு. டி-டைமருக்கு 12 மடங்கு. மருந்தை நிறுத்திய ஒரே மாதத்தில் இரண்டும் ஏறியதையும் பார்த்தார்கள்.

1980களில் கண்டு, பிறகு ஒதுக்கிவைத்த விஷயம் இப்படித் திரும்பி வந்தது. நோய் முற்றுவது என்ற சொல்லுக்கே அர்த்தம் மாறியது. மருந்து கிடைக்காத காலத்தில் அது எய்ட்ஸுக்கு இன்னும் எத்தனை ஆண்டு என்ற கேள்வி. மருந்து கிடைக்கிற காலத்தில், ஐம்பது வயதில் மாரடைப்பு வருமா, சிறுநீரகம் தாங்குமா என்ற கேள்வி.

## நம் நாட்டு வைரஸும் ஜக்கூர் ஆய்வகமும்

மேலே சொன்ன ஆய்வுகளில் கணிசமானவை அமெரிக்க, ஐரோப்பிய நோயாளிகளை வைத்து நடந்தவை. அங்கே பரவலாக இருப்பது எச்.ஐ.வி-1இன் பி ரகம். இந்தியாவில் 90 சதவீதத்துக்கு மேல் சி ரகம். ரகத்துக்கு ரகம் சைகைப் புரதங்களோடு வைரஸ் பழகும் விதம் மாறுகிறது. இதில் முக்கியமான வேலை நடந்த இடங்களில் ஒன்று பெங்களூரு ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம்.

டி.என்.எஃப். ஒரு செல்லைத் தொட்டால், செல்லுக்குள் என்.எஃப்.-கப்பா-பி என்ற புரதம் முடுக்கப்பட்டு, செல்லின் மரபணுக்களில் சண்டைக்குத் தேவையானவற்றைத் திறந்துவிடும். எச்.ஐ.வி. தன் மரபணுவின் முகப்பில் அதே புரதம் வந்து உட்காரும் இருக்கைகளை வைத்திருக்கிறது. 'சண்டைக்குத் தயாராகு' என்று உடல் கொடுக்கும் கட்டளை, வைரஸின் காதில் 'பிரதி எடு' என்று விழுகிறது. நான் விபரீதம் என்று சொன்னது இதைத்தான். பி ரகத்தில் பொதுவாக இரண்டு இருக்கைகள், சி ரகத்தில் மூன்று. நான்கு இருக்கையுள்ள சி ரக வைரஸ்கள் இந்தியாவில் இருப்பதை ஜக்கூர் குழு 2012இல் வெளியிட்டது.

மறுபக்கமும் உண்டு. வைரஸின் டாட் என்ற புரதம் தானே ஒரு கீமோகைன் போல நடித்து மோனோசைட்டுகளை இழுக்கக்கூடியது. சி ரகத்தில் அந்தப் புரதத்தின் 31ஆவது இடத்தில் சிஸ்டைன் என்ற அமினோ அமிலம் போய் சீரைன் என்ற வேறொன்று வந்திருப்பதால், இழுக்கும் திறன் குறைந்திருக்கிறது. எச்.ஐ.வி.யால் வரும் கடும் மறதி நோய் இந்தியாவில் குறைவாகக் காணப்பட்டதற்கு இது காரணமாக இருக்கலாம் என்ற கருத்து 2004இல் முன்வைக்கப்பட்டது. பி ரகத்தில் கிடைத்த அளவை அப்படியே நம் ஆட்கள் மேல் வைத்துப் பார்க்கக் கூடாது என்பதற்கு இந்த இரண்டு உதாரணம் போதும்.

## பிறகு ஏன் எல்லோருக்கும் இதை எடுப்பதில்லை?

சிவாஜிநகர் பௌரிங் மருத்துவமனையில் எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. சென்டரிலோ வேறெந்த அரசு சென்டரிலோ வழக்கமாக ஐ.எல்-6 எடுப்பதில்லை. பணம் மிச்சம் பிடிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். காரணங்கள் இவை.

1. இந்தப் புரதங்கள் யாருக்கும் தனி விசுவாசம் காட்டுவதில்லை. டெங்கு, காசநோய், ஈறு வீக்கம், மூட்டு வாதம், சிகரெட், வயிற்றுக் கொழுப்பு எல்லாவற்றுக்கும் ஐ.எல்-6 ஏறும். முந்தின நாள் நீண்ட தூரம் ஓடியிருந்தால்கூட ஏறும். வேலை செய்யும் தசையே அதைச் சுரக்கிறது.

2. மாதிரியைக் கையாளும் விதம் எண்ணை மாற்றும். எடுத்த ரத்தத்தைச் சீக்கிரம் பிரித்துக் குளிரில் வைக்க வேண்டும். குழாயிலேயே கிடந்தால் அதிலுள்ள வெள்ளணுக்கள் சைகைப் புரதங்களைச் சுரந்துகொண்டே இருக்கலாம். காலையில் வீட்டில் வந்து எடுத்துப்போன மாதிரி, சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி மதியம் லேபுக்குப் போய்ச் சேர்ந்தால், அளக்கப்படுவதில் ஒரு பங்கு பயணத்தில் சேர்ந்ததாக இருக்கலாம்.

3. கூட்டத்துக்குப் பொருந்துவது ஆளுக்குப் பொருந்தாது. ஒரு தெருவில் செலவு அதிகமுள்ள வீடுகளில்தான் கடன் அதிகம் என்பது உண்மையாக இருக்கலாம். இந்த மாதம் செலவு கூடிய ஒரு வீட்டைக் காட்டி, இவர்கள் கடனில் மூழ்கப் போகிறார்கள் என்று சொல்ல முடியுமா? அங்கே வளைகாப்பு நடந்திருக்கும். ஸ்மார்ட் ஆய்வின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 5,472 பேரில் இறந்தவர்கள் 85 பேர். சராசரியாக 16 மாதம் கண்காணித்தார்கள். அந்த 85 பேருமே ஐ.எல்-6 அதிகமுள்ள கால்பகுதியில் இருந்தார்கள் என்று வைத்தால்கூட, அந்தப் பகுதியிலேயே 100க்கு 93 பேருக்கு மேல் உயிரோடு இருந்திருப்பார்கள். உண்மையில் மரணங்கள் நான்கு பகுதியிலும் பரவியிருந்தன, ஆகவே பிழைத்தவர்கள் அதைவிட அதிகம். '8 மடங்கு' என்று படிக்கும்போது இந்த 93ஐயும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

4. எண் கூடியிருப்பது தெரிந்தாலும், அதைக் குறைக்கவென்று எச்.ஐ.வி. உள்ளவருக்குத் தர மருந்து இல்லை. ஐ.எல்-6ஐத் தடுக்கும் டாசிலிசுமாப் போன்ற மருந்துகள் கோவிட் காலத்தில் பலருக்குத் தெரியவந்தன. அவை தொற்றுகளுக்கு, முக்கியமாக காசநோய்க்கு, வழி திறந்துவிடக்கூடியவை. காசநோய் இத்தனை பரவலாக உள்ள நாட்டில், எதிர்ப்பு சக்தி ஏற்கெனவே அடிபட்ட ஒருவருக்கு அதைக் கொடுப்பது ஆபத்து.

நான்காவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை மாறாது என்றால், அந்தப் பரிசோதனை நோயாளிக்குத் தருவது பயத்தை மட்டும்தான்.

## ஆனாலும் இந்த அறிவு வீண்போகவில்லை

முதல் பலன் மிகப் பெரியது. இந்தியாவில் 2004இல் இலவச மருந்து தொடங்கியபோது கவுன்ட் 200க்குக் கீழே வந்தால்தான் மாத்திரை. அப்புறம் 350, அதற்கப்புறம் 500. 'கவுன்ட் இறங்கட்டும், பார்க்கலாம்' என்று காத்திருந்த வருடங்களை அந்தக் காலத்து நோயாளிகள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் காத்திருப்பில் அழற்சி உள்ளே வேலை செய்துகொண்டிருந்தது. 500க்கு மேல் கவுன்ட் உள்ள 4,685 பேரை வைத்து நடந்த ஸ்டார்ட் ஆய்வு, உடனே மருந்து தொடங்கினால் கடும் நோயும் மரணமும் 57 சதவீதம் குறைவதை 2015இல் காட்டியது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் உடனே மருந்து என்றது. இந்தியா 2017இல் அதை ஏற்றது.

இரண்டாவது, காசநோய். இந்தியாவில் எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரை அதிகம் எடுப்பது இதுதான். ஐ.எல்-6 சொல்லி கல்லீரல் செய்யும் சி.ஆர்.பி. இங்கே கைகொடுக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவருக்கு சி.ஆர்.பி. ஒரு லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், காசநோய் இருக்கிறதா என்று மேலும் சோதிக்க அதை ஒரு சல்லடையாகப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. இது நோயை உறுதிசெய்யும் சோதனை இல்லை, யாருக்குச் சளி சோதனை வேண்டும் என்று பிரித்துக்கொடுப்பது.

மூன்றாவது, இதயம். ரிப்ரீவ் என்ற ஆய்வில் 12 நாடுகளைச் சேர்ந்த 7,769 பேர் இருந்தார்கள். இந்தியாவும் அதில் ஒன்று. 40 முதல் 75 வயது, எல்லோரும் எச்.ஐ.வி. மருந்து எடுப்பவர்கள், வழக்கமான கணக்கில் மாரடைப்பு அபாயம் அதிகமில்லாதவர்கள். பிடாவாஸ்டாடின் என்ற கொழுப்புக் குறைப்பு மாத்திரை அவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை 35 சதவீதம் குறைத்ததாக 2023இல் முடிவு வந்தது. வழக்கமான கணக்கில் பிடிபடாத அபாயம் ஒன்று இவர்களுக்கு இருக்கிறது என்று சைகைப் புரதங்கள் காட்டிக்கொடுத்திராவிட்டால், இவர்களுக்கு அந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கும் யோசனை வந்திருக்குமா என்பது சந்தேகம்.

## ரிப்போர்ட் கையில் இருக்கிறது, இப்போது என்ன செய்வது?

மாத்திரையை நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். ஐ.எல்-6 ஏறியிருப்பதற்கு மருந்துதான் காரணமோ என்று சந்தேகப்பட்டு நிறுத்துபவர் இருக்கலாம். மருந்தை நிறுத்தினால் ஒரே மாதத்தில் அது இன்னும் ஏறும் என்பதைத்தான் ஸ்மார்ட் காட்டியது.

ரிப்போர்ட்டை ஏ.ஆர்.டி. சென்டர் டாக்டரிடம் காட்டுங்கள். காட்டும்போது சொல்ல வேண்டியவை:

1. எத்தனை நாளானதாக இருந்தாலும் இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவில் வியர்வை இருக்கிறதா. இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் காசநோய்ப் பரிசோதனை.
2. ரத்தம் எடுத்த வாரத்தில் சளி, காய்ச்சல், பல்வலி, தடுப்பூசி ஏதாவது இருந்ததா.
3. கடைசி வைரல் லோட் எப்போது எடுத்தது. மருந்து தொடங்கி ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், பிறகு ஆண்டுக்கு ஒரு முறை என்பது அரசுத் திட்டத்தின் வரிசை. விட்டுப்போயிருந்தால் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.
4. சிகரெட், பீடி, ரத்த அழுத்தம், சர்க்கரை. அழற்சியைக் கூட்டுகிறவற்றில் நம் கைக்கு எட்டுபவை இவை. நாற்பது வயதைத் தாண்டியவர், ஸ்டாடின் தனக்குத் தேவையா என்று கேட்கலாம். தானாக வாங்கிப் போடக் கூடாது, சில எச்.ஐ.வி. மருந்துகளோடு சில ஸ்டாடின்கள் ஒத்துப்போகாது.

கம்பெனி பரிசோதனை என்பதால் இன்னொரு பயமும் உள்ளே அரித்துக்கொண்டிருக்கும்: இந்த வரியைப் பார்த்து எனக்கு எச்.ஐ.வி. இருப்பதைக் கண்டுபிடித்துவிடுவார்களா? முடியாது. ஐ.எல்-6, சி.ஆர்.பி., டி-டைமர் எதை வைத்தும் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று சொல்ல முடியாது. தெரியாமல் எச்.ஐ.வி. சோதனை செய்துவிடுவார்களோ என்றால், அதற்குச் சட்டம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்காமல் சோதனை செய்யக் கூடாது. வேலை கொடுக்கவோ வேலையில் நீடிக்கவோ எச்.ஐ.வி. சோதனையை நிபந்தனையாக வைக்கக் கூடாது. தொற்று இருக்கிறது என்பதற்காக வேலையை விட்டு நீக்குவதும் அந்தச் சட்டப்படி பாகுபாடு. நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் இதற்கென்று ஒரு புகார் அலுவலரை நியமித்திருக்க வேண்டும். அவர் யார், எப்படி அணுகுவது என்று தெரியாவிட்டால், 1097 என்ற இலவச எண்ணை அழைத்து, பெயர் சொல்லாமலே வழி கேட்கலாம்.